கேபிளா, ஃபைபரா: இன்டர்நெட்டைத் தனியாகவும் டிவியைத் தனியாகவும் எடைபோடுங்கள்

கேபிள் இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறலாமா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்டர்நெட்டுக்கு எது நல்லது என்பது ஒன்று, டிவிக்கு எது நல்லது என்பது மற்றொன்று. கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வருகிறது என்றால் முதல் கேள்விக்கு விடை ஏறக்குறைய எப்போதும் ஃபைபர்தான். டிவிக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. வீட்டில் எத்தனை டிவி, யார் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டையும் ஒரே பேக்கேஜாக விற்பதால் நாமும் சேர்த்தே முடிவெடுத்துவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மாறுவதற்கு முன் ஒரு சோதனை

லேப்டாப்பை லேன் வயர் மூலம் நேரடியாக மோடத்தில் இணைத்து, வைஃபையை அணைத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும் நேரத்தில், வேகத்தை அளந்து பாருங்கள். விடியற்காலையில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டு நேரமும் வயரில் வேகம் சரியாக வந்து, படுக்கையறையில் மட்டும் வீடியோ நின்று நின்று ஓடினால் குறை வைஃபையில் இருக்கிறது. ஃபைபர் போட்டாலும் அந்த அறைக்கு அதே கதிதான். ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்த வேண்டும், அல்லது வயர் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) வைக்க வேண்டும். காலையில் நன்றாக வந்து இரவில் மட்டும் படுத்துக்கொண்டால் அது தெருவில் உள்ள நெரிசல். உங்கள் வீட்டுக்குள் என்ன செய்தாலும் அது தீராது. மாறுவதற்கு அது நல்ல காரணம்.

நேரம் காலம் இல்லாமல் இணைப்பு விட்டுவிட்டுப் போகிறது என்றால் மோடத்தின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் அது திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது உள்ளே வரும் சிக்னலின் பலம், −7 முதல் +7 டிபிஎம்விக்குள் இருக்க வேண்டும். எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற அளவு, 33 டெசிபலுக்கு மேல் இருக்க வேண்டும். அப்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடம் வெளியே அனுப்பும் பலம், 35 முதல் 49 வரை இருந்தால் நலம். 50-ஐத் தாண்டினால், மோடம் தன் சக்தி முழுவதையும் போட்டும் அடுத்த முனைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். திருத்த முடியாத கோட்வேர்டுகள் (வழியில் சிதைந்துபோன தரவுத் துண்டுகள்) என்று ஓர் எண்ணிக்கையும் அங்கே இருக்கும். மோடத்தை ஒருமுறை அணைத்து, மீண்டும் இயக்கிவிட்டு மறுநாள் பாருங்கள். அது ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் கம்பியில் கோளாறு உண்டு.

இந்தக் கோளாறுகளில் பாதி, வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். கம்பியைக் கிளைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களில், இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபலைத் தின்னும், நான்கு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 7 டெசிபல். முன்பு டிவிகளுக்காகப் போட்ட ஸ்ப்ளிட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, கடைசிக் கிளையில் மோடம் தொங்கிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து வரும் கம்பியில் முதல் இரண்டு வழி ஸ்ப்ளிட்டரிலேயே மோடத்தைப் போட்டு, கம்பி முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டர்களை 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்கி, துருப்பிடித்ததை மாற்றிவிட்டால் பல வீடுகளில் இணைப்பு நிலைத்துவிடும். அப்படி நிலைத்து, உங்கள் தேவைக்கும் போதுமென்றால் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

வித்தியாசம் அப்லோடில்தான்

விளம்பரங்கள் டவுன்லோட் வேகத்தையே பெரிதாகப் போடும். அந்தக் களத்தில் கேபிளும் சளைத்ததல்ல. இடைவெளி தெரிவது அப்லோடில். கேபிள் இணைப்பு வரும் தடித்த கோஆக்ஸ் கம்பி டிவிக்காகப் போடப்பட்டது. டிவிக்கு ஒரே திசை போதும். அதனால் வீட்டிலிருந்து திரும்பிப் போகும் பாதைக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, சில நாடுகளில் 65 வரை, ஓர் ஒடுங்கிய பட்டைதான் ஒதுக்கினார்கள். கேபிளில் இன்டர்நெட் அனுப்பும் தரமுறையான டாக்சிஸின் 3.0 பதிப்பில் நான்கு அப்ஸ்ட்ரீம் சானல்களைச் சேர்த்துக் கட்டினாலும் 100 எம்பிபிஎஸ் அளவில்தான் வரும். அதுவும் உங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல. தெருவில் உள்ள நோடை (ஃபைபர் முடிந்து கோஆக்ஸ் தொடங்கும் பெட்டியை) நம்பியிருக்கும் அத்தனை வீடுகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. போதாதற்கு, எந்த வீட்டில் கனெக்டர் தளர்ந்திருந்தாலும் அங்கே நுழையும் இரைச்சல் எல்லாம் இதே பட்டையில் ஒன்றுசேர்ந்து மேலே போகிறது. உங்கள் கம்பி சுத்தமாக இருந்தும் அப்லோட் தள்ளாடுவதற்கு நான்கு வீடு தள்ளி உள்ள ஒரு பழைய ஸ்ப்ளிட்டர் காரணமாக இருக்கலாம்.

2013-ல் வந்த டாக்சிஸ் 3.1 இந்தப் பட்டையை 85 அல்லது 204 மெகாஹெர்ட்ஸ் வரை விரிக்க இடம் தருகிறது. ஆனால் தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயர்களை மாற்றினால்தான் அது நடக்கும். ஆகவே மோடத்தின் மேல் 3.1 என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் முகவரிக்கு அப்லோட் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஃபைபரில் இன்று மிகப் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழை வழியாக 2.488 ஜிபிபிஎஸ் கீழே வருகிறது, 1.244 ஜிபிபிஎஸ் மேலே போகிறது. அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் வீட்டுக்கு 78 எம்பிபிஎஸ்தான் தேறும். ஃபைபர் என்றால் பங்கு போடாத தனி வழி என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வீடுகள் எல்லாம் ஒரே நொடியில் அப்படி இழுப்பதில்லை. பங்காளிகளின் எண்ணிக்கையும் கேபிளைவிடப் பொதுவாகக் குறைவு. 2016-ல் தரமாக்கப்பட்ட எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற ஃபைபர் முறை இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ் தருவதால் அங்கே நெரிசல் என்ற பேச்சே அரிது.

ஐம்பது ஜிபி படங்களையும் வீடியோக்களையும் கிளவுடில் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஐந்தரை மணி நேரம் ஆகும், 300 எம்பிபிஎஸ்ஸில் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்தரை மணி நேரமும் வீட்டில் மற்றவர்களின் வீடியோ அழைப்பு திணறும் என்பதுதான் பெரிய தொல்லை. அப்லோட் வரிசை நிரம்பினால் எல்லாமே தாமதமாகும், டவுன்லோடு கூட. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், கேமரா வைத்திருப்பவர்கள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் அழைப்பில் இருக்கும் வீடுகள் ஃபைபருக்குப் போவதில் தயங்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கேபிள் மேல். கோஆக்ஸ் அறுந்தால் கிரிம்பிங் கருவி உள்ள யாரும் பத்து நிமிடத்தில் புதுக் கனெக்டர் போட்டுவிடுவார்கள். இழை அறுந்தால் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வர வேண்டும். ஃபைபர் குறைவாகவே பழுதாகும், பழுதானால் காத்திருக்க நேரும். வேலைக்கு இணைப்பு உயிர்நாடி என்றால் மொபைல் டேட்டாவை மாற்று வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இடி விழுந்து கம்பி வழியே மோடமும் டிவியும் சேர்ந்து எரிவது, உலோக இழை இல்லாத ஃபைபரில் நடக்காது.

பெயரில் மட்டும் ஃபைபர்

கேபிள் நிறுவனங்களும் நோட் வரை ஃபைபரில்தான் கொண்டுவருகின்றன. அதை வைத்துத் தங்கள் இணைப்பையும் ஃபைபர் என்றே சொல்லிக்கொள்கின்றன. சுவரைத் துளைத்து உள்ளே வருவது என்ன என்று மட்டும் கேளுங்கள். திருகி மாட்டும் தடித்த கம்பி என்றால் அது கோஆக்ஸ். மெல்லிய இழையின் நுனியில், அழுத்தினால் பொருந்தும் சதுரமான பச்சைக் கனெக்டர் இருந்தால் அது ஃபைபர். அடுக்குமாடிகளில் கட்டடத்தின் அடித்தளம் வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் வயர் வருவதும் உண்டு. அது மோசமில்லை, ஆனால் அடித்தளத்தில் உள்ள ஸ்விட்சுக்கு மின்சாரம் போனால் உங்கள் இணைப்பும் போகும். இன்னொரு வகையில் இழை வீட்டு வாசல் வரை வரும். வாசலில் ஒரு பெட்டி அதைக் கோஆக்ஸாக மாற்றும். உள்ளே பழைய கேபிள் மோடமே ஓடும். இழை வந்தும் வேகம் டாக்சிஸ் வேகம்தான்.

டிவியில்தான் யோசிக்க வேண்டும்

கேபிள் டிவி கோஆக்ஸ் வழியாக எல்லாச் சானல்களையும் எப்போதும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்ப்ளிட்டர் போட்டு இன்னொரு அறைக்கு இழுத்தால் அங்கேயும் படம் வரும். ஃபைபரில் டிவி மூன்று விதமாக வரும். எந்த விதம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் விதத்தில் இன்டர்நெட்டுக்கான 1490, 1310 நானோமீட்டர் ஒளியோடு 1550-ல் டிவி சிக்னல் தனியாக வரும். இழையின் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டியில் அதற்கென்று எஃப் கனெக்டர் இருக்கும். வீட்டில் உள்ள பழைய கோஆக்ஸ், ஸ்ப்ளிட்டர் எல்லாம் அப்படியே பயன்படும். பல டிவி உள்ள வீட்டுக்கு இதுவே மிகச் சுலபம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இழை எங்காவது இறுக மடங்கியிருந்தால் நீள அலைதான் முதலில் கசியும், டிவி ரிசீவருக்கு வேண்டிய ஒளியும் அதிகம். ஆகவே இன்டர்நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, டிவியில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், செட்டாப் பாக்ஸை மாற்றுவதற்கு முன் ஓஎன்டிக்குப் பின்னால் இழை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஐபிடிவி, அதாவது இன்டர்நெட் முறையில் வரும் டிவி. நீங்கள் பார்க்கும் சானல் மட்டும் நிறுவனத்தின் சொந்த வலையிலிருந்து மல்டிகாஸ்ட் ஆக (ஒரே ஓட்டம் பலருக்கும் சேர்த்து) வரும். ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி தேவை. பெட்டிக்குப் பெட்டி மாத வாடகை இருக்கலாம். எச்டி சானல் ஒன்று சுமார் 6 முதல் 8 எம்பிபிஎஸ் எடுக்கும். பெட்டியை லேன் வயரில் போடுங்கள். வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில்தான் அனுப்பப்படும். அதைத் தனித்தனியாக மாற்றித் தரும் வசதி ரூட்டரில் இல்லையென்றால் டிவியும் திணறும், மற்றவர்களின் வைஃபையும் திணறும். சொந்த ரூட்டர் வைக்க நினைப்பவர்கள், டிவிக்கான விலான் எண்ணை (ஒரே வயரில் டிவியைத் தனியாகப் பிரிக்கும் எண்) கேட்டு வாங்கி, எந்தப் பெட்டிக்கு எந்த மல்டிகாஸ்ட் வேண்டும் என்று பதிவு செய்யும் ஐஜிஎம்பியின் பிராக்சியையும் ஸ்நூப்பிங்கையும் இயக்க வேண்டும். சானல் ஒழுங்காக வந்து, நான்கரை நிமிடத்துக்குள் உறைந்துபோய், மாற்றிப் போட்டால் மீண்டும் வந்தால், கோளாறு இந்த ஐஜிஎம்பி அமைப்பில்தான். உறுப்பினர் பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் 260 விநாடியில் காலாவதியாவது அதன் இயல்பான அளவு.

மூன்றாவது, தனியாக டிவி சேவையே இல்லாமல் ஆப் மூலம் பார்ப்பது. மாதச் செலவைக் குறைக்க இதுவே நல்ல வழி, பெட்டியும் வேண்டாம். ஆனால் நேரலை, கேபிளைவிடப் பல விநாடிகள் பின்தங்கி வரும். அரை நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. விளையாட்டுப் போட்டியில் பக்கத்து வீட்டுக் கூச்சலைக் கேட்டே முடிவு தெரிந்துவிடும். நீங்கள் தினமும் பார்க்கும் சானல்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஆப்பில் நேரலையாக வருகிறது என்று சரிபாருங்கள். பேக்கேஜில் இருநூறு சானல் இருப்பது முக்கியமில்லை, அந்தப் பத்துப் பன்னிரண்டு இருப்பதே முக்கியம். ரிமோட்டில் சானல் எண்ணை அடித்தே பழகிய முதியவர்கள் வீட்டில் இருந்தால், ஆப்பைத் திறந்து தேடும் முறை அவர்களுக்குப் பெரும் சிரமம். அவர்களுக்காகவே டிவியை மட்டும் கேபிளில் விட்டுவைப்பதும் முழுக்க நியாயமான முடிவு. இன்டர்நெட்டை எடுத்துவிட்டால் டிவிக்கான சலுகை விலை போய்விடும் என்பதால், டிவி மட்டும் வைத்தால் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

கேபிள் பெட்டியில் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சிகள் பூட்டப்பட்டவை. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓடாது. பார்க்க வேண்டியதைப் பெட்டியைத் திருப்பித் தருவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும் நாளில்

ஓஎன்டி எங்கே வர வேண்டும் என்பதை ஆள் வருவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்யுங்கள். விட்டால், சுவரைத் துளைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வாசல் மூலையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வைஃபையும் அதே பெட்டியில் இருந்தால் பின்னறைக்கு எட்டாது. இரும்பு அலமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். துளையை உள்ளிருந்து வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராது. வெளியே கேபிள் துளைக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

இழை எவ்வளவு மடங்கலாம் என்பது அதன் வகையைப் பொறுத்தது. ஜி.652டி இழைக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஜி.657ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். மூலை முடுக்குகள் உள்ள வீட்டுக்கு இரண்டாவதைக் கேளுங்கள். கதவு இடுக்கில் கொண்டுபோவதையும், வரிசையாக ஆணி அடித்து நசுக்குவதையும் அனுமதிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில் +3 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) ஒளி கிளம்புகிறது. 32 வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 17 டெசிபல் எடுத்துக்கொள்ளும். ஐந்து கிலோமீட்டர் இழை ஒன்றரை, இணைப்புகள் இன்னொரு ஒன்றரை. வீட்டுக்கு −17 வந்து சேர வேண்டும். ஜிபான் ஓஎன்டியின் எல்லை −27 என்பதால் பத்து டெசிபல் கையிருப்பு. டெக்னீஷியன் −26 காட்டி, இன்டர்நெட் வருகிறதே என்று கிளம்பப் பார்த்தால் விடாதீர்கள். எங்கோ மடிப்போ, கனெக்டர் முகத்தில் தூசியோ அந்த ஒன்பது டெசிபலைத் தின்றுகொண்டிருக்கிறது. இழையின் உட்கரு 9 மைக்ரான்தான்; கண்ணுக்குத் தெரியாத தூசி போதும் அதை அடைக்க. இன்று −26-ல் ஓடும் இணைப்பு இன்னும் கொஞ்சம் தூசி சேர்ந்ததும் அறுந்து, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். பச்சைக் கனெக்டரின் முகம் எட்டு டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் தட்டையானது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டக்கூடாது. கழற்றிய இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

பிறகு வேகத்தை வயரில் அளந்து பாருங்கள். ஜிகாபிட் திட்டத்தில் 940 எம்பிபிஎஸ் வந்தால் அது முழு அளவு. 94-ல் நின்றுவிட்டால் குறை ஃபைபரில் இல்லை: லேன் வயரில் நான்கு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடிதான் இணைந்திருக்கிறது, அல்லது நடுவில் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருக்கிறது. புது ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்ப்பவர்கள் ரூட்டரின் வான் ஐபியை, அதாவது அதற்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. தனிப் பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

கழற்றிய கோஆக்ஸைப் பிடுங்கி எறிய வேண்டாம். கோஆக்ஸ் வழியாக வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கடத்தும் மோக்கா 2.5 அடாப்டர் இரண்டு வாங்கி இரு முனையிலும் போட்டால், புது வயர் இழுக்காமலே மாடி அறைக்கு ஜிகாபிட்டுக்கு மேல் கொண்டுபோகலாம். அது 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவதால் ஸ்ப்ளிட்டர் 1675 வரை தாங்குவதாக இருக்க வேண்டும். தெருவிலிருந்து வரும் கம்பியை முதலில் துண்டித்துவிடுங்கள்.

மின்சாரம் போனால் ஓஎன்டியும் ரூட்டரும் அணைந்துவிடும்; வீட்டுத் தொலைபேசியும் அதனுடன் போகும். இரண்டும் சேர்ந்து 20 வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய யுபிஎஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கேபிளில் இதைச் செய்தும் பயன் குறைவு, ஏனென்றால் தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்கும் மின்சாரம் வேண்டும். ஜிபான் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம்.

பழையதை எப்போது நிறுத்துவது

இரண்டு வாரம் இரண்டும் ஓடட்டும். அதற்குள் ஒரு நல்ல மழையும் சில நெரிசல் இரவுகளும் வந்து போனால் இன்னும் நல்லது. பழைய தொலைபேசி எண் வேண்டுமென்றால், புதிய நிறுவனத்துக்கு அது மாறி முடியும்வரை கேபிளை நிறுத்தக் கூடாது. முதலில் நிறுத்தினால் எண் போய்விடலாம். கேபிள் நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால், வங்கி முதல் பள்ளி வரை எல்லா இடத்திலும் அதை மாற்றிய பிறகே ரத்து செய்யுங்கள். ஒப்பந்தக் காலம் மீதி இருக்கிறதா, இடையில் விட்டால் கட்டணம் எவ்வளவு, புதிய நிறுவனத்தின் சலுகை விலை எந்த மாதத்தோடு முடிகிறது, அதன்பின் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மோடம், செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் அனைத்தையும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் சீரியல் எண்ணோடு ரசீது வாங்கி, கணக்கு முடிந்து கடைசி பில் பூஜ்யமாக வரும்வரை பத்திரமாக வையுங்கள்.